ஐயமும் அச்சமும்

தேர்வெழுதி வெளிவந்த மாணவர் இருவரை எண்ணிப் பார்க்குமாறு இக்கட்டுரையைப் படிப்போரை வேண்டுகின்றோம். ஒருவன் மூன்று மணி நேரத்தில் முக்காற் பங்கினைச் சாளரத்தின் வழியே வேப்பமரத்தை நோக்குவதிற் கழித்தவன். தான் தவறுவது உறுதி என்பதனை அவன் நன்கு அறிவான். ஆதலின் வீடு சென்று, தந்தையாரிடம் பெறவேண்டிய வசையைப் பெற்றுக்கொண்டு, மறுதேர்வுக்குக் கட்டணம் எவ்வளவு, அதனைக் கட்டவேண்டிய இறுதிநாள் எது என்று கேட்டறிந்து, உண்டு உறங்கிவிடுகின்றான். மற்றவன் ஓரளவு நன்றாகவே எழுதியவன். தேறினும் தேறலாம், இரண்டு மதிப்பெண் குறைந்து வீழினும் வீழலாம். அவன் விடுமுறை முழுதும் வினாத்தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு திரிகின்றான். எதிர்ப்பட்ட நண்பரையெல்லாம், நான்காம் வினாவுக்கு என்ன எழுதினாய் என்று கேட்கின்றான். முடிவு வெளியாகும் நாளுக்குப் பதினைந்து நாள் முன்னரே வலைத்தளத்தைத் திறந்து திறந்து மூடுகின்றான். இவ்விரண்டாமவன் யாவன் என்று நண்பர்கள் எம்மை வினவாதிருப்பார்களாக.

இவ்விருவருள் துன்பம் மிக்கவன் யாவன்? நேர்ந்த இழப்பை நோக்கின் முதல்வனே இரங்கத்தக்கவன். ஆயின் உறக்கமிழந்தவன் இரண்டாமவனே. இதனால், தீங்கு வருதல் ஒன்று, தீங்கு வருமோ வாராதோ என்றிருத்தல் மற்றொன்று என்பது விளங்கும். முன்னதற்கு அஞ்சுதல் யாவர்க்கும் இயல்பு. அதனைப் பற்றி அறநூலாரும் புலவரும் நிரம்பக் கூறியிருக்கின்றனர். பின்னதற்கு அஞ்சுவோர், தாம் அஞ்சுவது வரப்போகும் தீங்கிற்கே என்று தம்மைத் தாமே தவறாகக் கருதிக்கொண்டு வருந்துகின்றனர். யாம் ஈண்டு ஆராயப் புகுந்தது இப் பின்னைய அச்சத்தினையே.

தமிழ் பயில்வோர்க்கு இதனைத் தொல்காப்பிய மெய்ப்பாட்டியலினின்று தொடங்குதல் எளிது. நகை முதலாக ஆண்டு எண்ணப்பெற்ற எட்டனுள் அச்சம் ஐந்தாவது. அஃது அணங்கு, விலங்கு, கள்வர், தம் இறை என்னும் நான்கினின்றும் பிறக்கும் என்பது நூலார் கொள்கை. இவற்றுள் விலங்கும் கள்வரும் இறையும் கண்ணெதிரே நிற்கும் பொருள்கள். புலி பாய்ந்தால் மரத்தில் ஏறலாம். கள்வர் வந்தால் கூவலாம். அரசன் சினந்தால் அடிபணியலாம். அணங்கு ஒன்றே உருவுகாட்டாது நின்று வருத்துவது. எத்திசையினின்று வரும் என்பதும், வருமா என்பதும் தெரியாது. எனவே நாம் கூறும் அச்சம் அணங்கின் இனத்தைச் சார்ந்தது எனக் கொள்ளலாம். இஃது எம் கருத்தேயன்றி உரையாசிரியர் கருத்தென்று எவரும் தேர்வில் எழுதிவிட வேண்டா.

அவ்வியலில் எட்டனையும் ஒழித்து வேறு முப்பத்திரண்டு மெய்ப்பாடுகளும் கூறப்படுகின்றன. அவ்வரிசையின் இறுதியில் வியர்த்தல், ஐயம், மிகை, நடுக்கு என நான்கு நிற்கின்றன. வகுப்பில் இந்நூற்பாவை நெட்டுருச் செய்த நாளில் ஒரு வினா எமக்குத் தோன்றியிருக்க வேண்டும், தோன்றவில்லை. ஐயுறுதல் அறிவின் தொழிலன்றோ? அதனை வியர்வையோடும் நடுக்கத்தோடும், உடம்பின்மேல் வெளிப்படும் குறிகளோடும் ஒருங்கு வைத்து எண்ணியது எற்றுக்கு? இதற்கு விடை எமக்கு இலக்கணத்தினின்று கிடைக்கவில்லை. ஓர் ஆராய்ச்சிக் கூடத்தினின்றும், பின்னர் எம் இல்லத்தினின்றுமே கிடைத்தது.

ஆராய்ச்சிக் கூடத்தை முதலிற் கூறுவோம். 2016-ஆம் ஆண்டில் இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியைச் சார்ந்த ஆராய்ச்சியாளர் சிலர் ஒரு சோதனையின் பயனை வெளியிட்டனர். தாமே முன்வந்த 45 பேரைக் கணிப்பொறியின் முன் அமர்த்தித் திரையிற் கற்களின் உருவங்களைக் காட்டினர். கல்லின்கீழ்ப் பாம்பு உண்டோ இல்லையோ என்று ஊகித்துக் கூறுதல் வேண்டும். பாம்பு இருப்பின், அவர் கூறிய ஊகம் சரியாயினும் பிழையாயினும், கையில் நோவு தரும் ஒரு மின்னதிர்ச்சி தாக்கும். பாம்பிருத்தற்குரிய வாய்ப்போ ஆட்டத்தின் இடையிடையே மாறிக்கொண்டேயிருந்தது. ஆடுவோரின் கண்மணி விரிதலையும் தோலில் வியர்வை அரும்புதலையும் கருவிகளால் அளந்து கொண்டேயிருந்தனர். அதிர்ச்சி தப்பாது வரும் என்று அறிந்தபோது அவர்கள் மிகக் கலங்குவர் என்றே நாம் எண்ணுவோம். கண்டதோ வேறு. நூற்றுக்கு நூறு வரும் என்றபோது இருந்த கலக்கத்தினும், நூற்றுக்கு ஐம்பது என்றபோது இருந்த கலக்கமே மிகுதியாயிருந்தது. ஐயத்தின் பக்கத்தே வியர்த்தலை வைத்தவர் கருவியின்றியே இதனைக் கண்டிருந்தனர் போலும்!

இஃது ஏன் என்று ஆராயின் காரணம் அரிதன்று. அடி வருவது உறுதியாயின் உடம்பு ஒருவகையால் தன்னைச் செறித்துக்கொள்ளும். வாராதென்பது உறுதியாயின் தளர்ந்து இளைப்பாறும். இரண்டும் ஒத்த அளவினவாய் நிற்கும்போது அது செறித்தலும் இயலாது, தளர்தலும் இயலாது, இரண்டிற்கும் ஒருங்கே ஆயத்தமாயிருத்தல் வேண்டும். தலைவாயிலிலும் புழைக்கடையிலும் ஒரே காவலன் நின்றாற்போல்வது அது. அவன் இளைப்பது திருடன் வந்ததனாலன்று. ஓடி ஓடிப் பார்ப்பதனால் இளைக்கின்றான். ஆயினும் அக்காவலனை முற்றிலும் பழித்தலும் ஆகாது. அச்சோதனையில் எவருடைய உடம்பு ஐயத்தின் ஏற்றத்தாழ்விற்கு ஏற்பக் கலங்கியதோ, அவரே பாம்பிருக்கும் கல்லைத் திறம்பட ஊகித்தனராம். ஐயத்திற் பிறக்கும் கலக்கம் கற்பதற்குக் கண்திறக்கும் ஒரு கருவியாகவே மனிதனுக்கு அமைந்திருத்தல் கூடும். கற்கத்தக்க செய்தி ஒன்றும் இல்லாத இடத்தும் அது கண்ணை மூடவிடாது என்பதுதான் தொல்லை.

மின்னதிர்ச்சி ஒரு நொடித் துன்பம். வாழ்க்கையின் பெருந்துன்பங்களிலும் இவ்வாறேயோ என்று ஒருவர் வினவலாம். அதற்கும் ஒரு சான்று உளது. ஹன்டிங்டன் நோய் என்பது வழிவழி வருவதொரு கொடிய நோய். பெரும்பாலும் முப்பதுக்கும் ஐம்பதுக்கும் இடைப்பட்ட வயதிற்றோன்றி, உடலின் அசைவையும் அறிவையும் சிறிது சிறிதாய்க் கெடுத்து உயிரைக் கொள்ளும். அதனை நீக்கும் மருந்து இன்றும் இல்லை. பெற்றோருள் ஒருவர்க்கு அந்நோய் இருப்பின், பிள்ளைக்கு வருதலும் வாராமையும் சரிபாதி. கானடா நாட்டில் இவ்வாறு பிறந்தோருள், பரிசோதனையால் தம் நிலையை முன்னரே அறிய முற்பட்டோர் முதலாக 135 பேரை மருத்துவர் ஓராண்டு பின்தொடர்ந்து, கண்டதனை 1992-இல் வெளியிட்டனர். நோய் வாராது என்ற செய்தி பெற்றோர் தேறியிருந்ததில் வியப்பில்லை. நோய் வருதற்கு மிக்க வாய்ப்புண்டு என்ற கொடுஞ்செய்தி பெற்றவரும், ஓராண்டு கழித்து நோக்கியபோது, ஒன்றும் அறியாதபடியே நின்றவரினும் மனத்தளர்ச்சி குறைந்தவராய்க் காணப்பட்டனர். யாம் இதனை முதன்முறை படித்தபோது நம்பாமல் மீண்டும் படித்தோம். எனினும் அறிதலே எல்லார்க்கும் நன்று என்று இதனால் முடிவு கட்டிவிடலாகாது. அக்குடும்பங்களிற் பிறந்தோருட் பெரும்பாலோர் அப்பரிசோதனையை வேண்டாவென்றே விட்டிருக்கின்றனர். அறியாதிருக்கும் உரிமையும் ஓர் உரிமையே.

ஐயத்தைத் தாங்கமாட்டாத மனிதன் என் செய்வான்? உறுதி கிடையாதபோது உறுதி போன்றதொன்றனைத் தேடுவான். முல்லைப்பாட்டில் நப்பூதனார் காட்டும் முதுபெண்டிரை நாம் அறிவோம். தலைவன் போர்மேற் சென்றான்; கார்காலம் வந்துவிட்டது; அவன் வரவில்லை. மழை பெய்த மாலையில் அம்முதியோர் ஊர்ப்புறத்தே சென்று, நெல்லும் முல்லை மலரும் தூவித் தொழுது, விரிச்சி கேட்டு நிற்கின்றனர். ஆண்டு ஓர் ஆய்மகள் தாயைக் காணாது வாடிய கன்றினிடம், உன் தாயர் இப்பொழுதே வந்துவிடுவர் என்ற பொருள்படக் கூறியது அவர் செவியில் விழுகின்றது. அதனையே நற்சொல்லாகக் கொண்டு, தலைவன் வருவது திண்ணம் என்று தலைவியிடம் வந்து கூறுகின்றனர். ஆய்மகள் பேசியது மாட்டைக் குறித்து. முதியோர் கேட்டது மன்னனைக் குறித்து. இதில் எம் உள்ளத்தைத் தொடுவது விரிச்சியன்று, அதன்பின் நிகழ்வதே. முதியோர் எடுத்துக்காட்டவும் எடுத்துக்காட்டவும் தலைவி தேறவில்லை. அவள் கண்ணீர் மிகுகின்றது. பிறர் தரும் உறுதிமொழி ஐயத்தின் வேரைத் தொடாது என்பதனை அப்புலவர் எத்துணை நுட்பமாக அறிந்திருந்தார்!

இது பழங்கதையன்று. 1914-ஆம் ஆண்டு செப்டம்பர் 22-ஆம் நாளிரவு, கார்ல் வான் மூலர் தலைமையில் வந்த எம்டன் என்னும் ஜெர்மானியப் போர்க்கப்பல் சென்னைத் துறைமுகத்தின்மேற் குண்டு பொழிந்தது. பர்மா எண்ணெய்க் கம்பெனியாரின் கொள்கலங்கள் தீப்பற்றி எரிந்தன. அரைமணி நேரத்திற்குள் எல்லாம் முடிந்தது. உயிரிழந்தோர் மிகச் சிலரே. கப்பல் சென்ற வழி தெரியவில்லை. மக்கள் மூட்டை முடிச்சுகளோடு ஆயிரக்கணக்கில் நகரைவிட்டுப் பெயர்ந்தது குண்டு வீழ்ந்துகொண்டிருந்த அவ்வரைமணியிலன்று. ஒரு குண்டும் வீழாத அடுத்த நாட்களிலேயாம். அது மீண்டும் சென்னைக்கு வரவேயில்லை. நவம்பர் 9-ஆம் நாள் கோகோஸ் தீவுகளின் அருகே ஆஸ்திரேலியரின் சிட்னி என்னும் கப்பலால் அழிக்கப்பட்டது. ஆயினும் தமிழில் அஃது இன்னும் அழியாமலே இருக்கின்றது. தந்திரமும் துணிவும் மிக்கவனை நம்மவர் 'அவன் பெரிய எம்டன்' என்கின்றனர். பெருஞ்சேதம் விளைத்த கப்பல்கள் பல உள. அவற்றின் பெயரெல்லாம் வழக்கில் நிலைக்கவில்லை. வருமோ வாராதோ என்று நிற்கவைத்த ஒன்றின் பெயரே நிலைத்தது.

1942-ஆம் ஆண்டு ஏப்ரலில் நிகழ்ந்தது இதனினும் இரங்கத்தக்கது. ஜப்பானியர் கொழும்பின்மேலும், விசாகப்பட்டினம், காக்கிநாடாவின்மேலும் குண்டுவீசினர். சென்னையில் வந்திறங்குவர் என்ற ஐயம் எழுந்தது. அரசினர் அலுவலகங்களை உள்நாட்டூர்களுக்கு அனுப்பினர், மக்கள் வெளியேறினர். குண்டு வீழ்ந்து கூடுகள் உடைந்தால் ஊருக்குட் புகுமே என்று அஞ்சி, விலங்குக் காட்சிச்சாலையிலிருந்த கொடிய விலங்குகளைச் சுட்டுக்கொன்றனர். படையெடுப்போ வரவில்லை. அன்றைய அதிகாரிகளை யாம் பழிக்கவில்லை. வந்திருந்தால் அவர்களை அறிவாளிகள் என்றிருப்போம். ஐயத்தில் நிற்பதனினும் உறுதியான ஓர் இழப்பினை ஏற்றுக்கொள்வது மனத்திற்கு இளைப்பாறுதல் தருகின்றது என்பதே ஈண்டுக் கருதத்தக்கது. விடைவரும் வரை பொறாமல் தாமே வேலையைத் துறந்துவிடுவோரும், மறுப்பார்களோ என்றஞ்சி விண்ணப்பமே எழுதாது விடுவோரும் அக்கூண்டுகளின்முன் துப்பாக்கி ஏந்தி நின்றவர்களை ஒப்பர்.

இனி எம் இல்லத்தில் நிகழ்ந்தது. சென்ற ஆண்டு ஆவணித் திங்களில் எம் அன்னையாரின் கழுத்தின் ஒருபக்கத்தே சிறு கட்டி ஒன்று தென்பட்டது. மருத்துவர் ஊசியால் அதனினின்று சிறிது எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார். நான்கு நாளில் முடிவு வரும் என்றனர், பன்னிரண்டு நாளாயிற்று. யாது காரணம் என்று ஒருவரும் கூறவில்லை. நாளை வாருங்கள் என்பதே ஒவ்வொரு நாளும் கிடைத்த விடை. காலந்தாழ்த்ததனையும் பொறுக்கலாம், எப்பொழுது என்று ஒரு நாளைக் குறித்துக் கூறாததே பொறுத்தற்கரிதாயிற்று.

அப்பன்னிரண்டு நாளும் எம் குடும்பத்தார் நடந்துகொண்டதனை இன்று எண்ணினால் நகையும் அழுகையும் ஒருங்கே தோன்றுகின்றன. எம் தந்தையார் கணக்காசிரியர். சோதிடத்தை எள்ளி நகைப்பவர். அவரே ஒருநாள் மாலை வந்து, முடிவுதரும் கூடத்துப் பணிப்பெண் இன்று எம்மைப் பார்த்துப் புன்முறுவல் பூத்தாள், ஆதலின் தீங்கிராது என்றார். மறுநாள் அதே பெண் முகம் பாராது பேசினாள் என்று உணவை மறுத்தார். முல்லைப்பாட்டின் முதுபெண்டிர் எம் வீட்டுத் திண்ணைக்கே வந்துவிட்டனர்! எம் ஆச்சி இரவெல்லாம் ஜெபித்தார். அதனோடு, பல்லி சொல்லிய திசையையும் உசாவினார். அதனைக் குருவானவரிடம் கூறலாகாது என்றும் எம்மிடம் ஆணையிட்டார்.

யாம் செய்தது இவையெல்லாவற்றினும் கீழானது. விடுதியிலிருந்து நாளொன்றுக்கு ஏழெட்டு முறை அன்னையாரைக் கைப்பேசியில் அழைப்போம். "ஒன்றும் இராது, அல்லவா அம்மா?" என்போம். "ஒன்றும் இராது, நீ படி" என்பார். அவ்விடை எம்மைக் கால்மணி நேரம் தாங்கும். பின்னர், முன் கூறிய குரலில் ஒரு தளர்ச்சி இருந்ததோ என்ற ஐயம் எழும், மீண்டும் அழைப்போம். நோயுற்றவர் அவர், தேற்றப்பட்டவர் யாம். கழுத்தில் ஊசிப்புண்ணோடு இருந்த ஒருவர் எம் அச்சத்தையும் நாளுக்கு எட்டுமுறை சுமந்தார் என்பதனை அப்பொழுது யாம் உணரவேயில்லை. பின்னர் எம் தங்கை கூறியே அறிந்தோம்: கைப்பேசி ஒலிக்குந்தோறும் அன்னையார் ஒரு வாய்த் தண்ணீர் குடித்துக் குரலைச் சரிசெய்துகொண்டே எடுப்பாராம்.

ஒன்பதாம் நாள் எம் சேகரத்துக் குருவானவர் வந்தார். சுருக்கமாய் ஜெபித்தார். எல்லாம் நலமாய் முடியும் என்று அவர் கூறவில்லை. அதனால் எம் தந்தையார்க்குச் சிறிது வருத்தமும் உண்டாயிற்று. அவர் அன்னையாரை நோக்கி, "இந்த வாரத்தில் உங்களுக்கு நடக்கவேண்டிய வேலை என்ன அம்மா?" என்று மட்டும் வினவினார். ரேஷன் அரிசி வாங்கவில்லை, ஒரு மணப்பெண்ணின் சட்டைக்குத் தையல் எஞ்சியிருக்கின்றது என்றார் அன்னையார். குருவானவர் குடும்ப அட்டையை வாங்கிச் சென்றார். அன்று மாலை அரிசி வந்தது. அன்னையார் தையற்பொறியின்முன் அமர்ந்தார். அப்பன்னிரண்டு நாளில் அவர் ஒருமுறை பாடியது அன்றுதான் என்று எம் தங்கை கூறுகின்றாள்.

பன்னிரண்டாம் நாள் முடிவு வந்தது. நன்முடிவன்று. புற்று என்று எழுதியிருந்தது. அறுவை செய்து நீக்கத்தக்க வகை என்று மருத்துவர் விளக்கினார். தந்தையார் அப்பொழுதே அழுதார். அன்னையாரோ அறுவைக்குரிய நாளையும், உடன் தங்குதற்கு உரியவரையும், வீட்டில் சமைப்பதற்கு எம் பெரியம்மையை அழைப்பதனையும் அன்று மாலைக்குள் ஒழுங்கு செய்துவிட்டார். அன்றிரவு அவர் உறங்கிய உறக்கத்தை ஊரார்க்கெல்லாம் கூறலாம். நாள்தோறும் கோயில் மணிக்கு முன்னரே எழும் அவர், மறுநாள் மணி அடித்து ஓய்ந்தும் எழவில்லை. விடுதியிலிருந்து வந்திருந்த யாம் அஞ்சி அருகிற் சென்று மூச்சு வருகின்றதோ என்று நோக்கினோம். ஆழ்ந்து உறங்கினார். ஐம்பது என்பது நூறாயிற்று. காவலன் ஒரு வாயிலில் அமர்ந்துவிட்டான்.

இத்துடன் இக்கட்டுரையை முடித்தல் கூடுமாயின், ஐயத்திற்கு மருந்து அறிதலே என்று எழுதி நிறுத்திவிடலாம். அறுவை நன்கு முடிந்தது. ஆயினும் அந்நோய் திரும்பி வருமோ என்பதனை ஆறு திங்களுக்கு ஒருமுறை பரிசோதித்தே அறிதல் வேண்டும் என்றனர். எனவே விருந்தினராய் வந்த ஐயம் எம் வீட்டிலேயே ஒருவராய்த் தங்கிவிட்டது. உறுதி என்னும் மருந்து இதற்குக் கிடையாது. மாந்தர் வாழ்வில் நேரும் ஐயங்களுட் பெரும்பாலன இத்தகையனவே. ஆதலின் வெல்லுதல் என்பது ஐயத்தை நீக்குதலன்று. அதனோடு குடியிருக்கக் கற்றலேயாம்.

இதற்குரிய வழி நம் மொழியிலேயே ஒரு சொல்லில் அடங்கியிருப்பதாக எமக்குத் தோன்றுகின்றது. முல்லைக்கு உரிப்பொருள் இருத்தல் என்பர். உரையாளர் அதனை ஆற்றியிருத்தல் என விளக்குவர். ஆற்றுதல் என்பதற்குப் பொறுத்தல் என்பது பொருள்; செய்தல் என்பதும் பொருள்; சூடு தணித்தல் என்பதும் பொருள். பொறுத்தலையும் செய்தலையும் ஒரே சொல்லால் குறித்த மக்கள் ஏதோ ஒன்றனை அறிந்திருத்தல் வேண்டும். முல்லைப்பாட்டின் தலைவியும் முதியோர் சொல்லால் தேறாதவள், பின்னர்த் தானே தன்னைத் தேற்றிக்கொண்டு, கழலும் வளையைத் திருத்துகின்றாள். வளையைத் திருத்துதல் போரை முடிக்காது. ஆயினும் அது கைக்கு எட்டிய ஒரு செயல். எஞ்சியிருந்த தையலும் அத்தகையதே. குருவானவர் வினவிய வினாவின் நுட்பம் எமக்குப் பின்னரே விளங்கிற்று. பன்னிரண்டு நாளில் விடைகாண முடியாத வினாவை விட்டு, அவ்வாரத்தில் விடைகாணத்தக்க வினாவை அவர் எடுத்துக் கொடுத்தார்.

உறுதிமொழி தேடி ஓடுதலைக் குறைத்தல் இதனினும் கடினம். கானடா நாட்டு லவால் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த உளவியலார், ஐயத்தை ஒருவர் எத்துணைத் தாங்கமாட்டார் என்பதனை அளத்தற்கு 27 கூற்றுகள் கொண்டதொரு வினாநிரலை 1994-இல் வெளியிட்டனர். ஓயாது கவலைப்படுவோர் பெரும்பாலும் ஐயத்தைப் பொறாதவராகவே இருத்தலை அவர்கள் கண்டனர். ஐயம் முற்றும் தீர்வதற்கு மருத்துவம் செய்யாமல், சிறிய ஐயங்களை வேண்டுமென்றே ஏற்றுப் பழகச் செய்யும் முறை அதனின்று வளர்ந்தது. எழுதிய கடிதத்தை நான்காம் முறை படித்துப் பாராமல் அனுப்புதல், பூட்டிய கதவை மீண்டும் இழுத்துப் பாராமல் நடத்தல், உணவகத்தில் அறியாத உண்டியைக் கேட்டு வாங்குதல் என இவ்வளவில் தொடங்கும். நீச்சல் பழகுவோரை முழங்கால் நீரில் முதலில் நிறுத்துவது போன்றது இது. யாமும் இதனை முயன்றோம். வீட்டிற்கு நாளொன்றுக்கு ஒருமுறை, அதுவும் விளக்கேற்றிய பின்னரே அழைப்பது என்றும், நலம் தானோ என்று வினவாது அன்று நிகழ்ந்ததனையே பேசுவது என்றும் உறுதி செய்துகொண்டோம். முதல் மூன்று நாள் கை தானே கைப்பேசியை நாடிற்று. நான்காம் நாள் மாலை அன்னையார், "இன்று ஏன் ஒன்றும் கேட்கவில்லை? உடம்புக்கு ஏதும் இல்லையே உனக்கு?" என்று எம்மை வினவினார். ஐயம் இடம் மாறிக்கொண்டது!

ஆங்கிலப் புலவர் கீட்ஸ் தம் இருபத்திரண்டாம் வயதில், 1817-ஆம் ஆண்டு டிசம்பரில், தம் உடன்பிறந்தார்க்கு எழுதிய ஒரு கடிதத்தில், உண்மையையும் காரணத்தையும் பற்றிக்கொள்ளத் துடியாமல் ஐயத்தின் நடுவே நிலைத்திருக்கும் ஆற்றலைப் பெரும்புலவர்க்குரிய பண்பாகக் கூறி, ஷேக்ஸ்பியரிடம் அது மிக்கிருந்தது என்றார். அக்கடிதம் எழுதிய ஓராண்டிற்குள் அவர் தம்பியரில் ஒருவர் காசநோயால் இறந்தார். கீட்ஸும் 1821-இல் அந்நோய்க்கே இரையானார். ஆதலின் அவர் கூறியது வெறும் நூற்சொல் அன்று என்று கருதுகின்றோம். புலவர்க்கு உரியதென்று அவர் கூறியதனைத் தையல் வேலை செய்யும் ஒருவரிடத்தும் யாம் கண்டிருக்கின்றோம் என்பதனை மட்டும் பணிவுடன் சேர்த்துக்கொள்கின்றோம்.

தமிழ்ச் சிறப்பு வகுப்பிற் பயிலும் எம்மை நோக்கி, இதனைப் படித்து என்ன வேலை கிடைக்கும் என்று வினவாத உறவினர் ஒருவரும் இல்லை. முன்பெல்லாம் இவ்வினாவுக்கு மூன்று விடைகளை ஆயத்தமாய் வைத்திருந்தோம். அவற்றுள் இரண்டு பொய். இப்பொழுது தெரியாது என்கின்றோம். அவ்வாறு கூறியபின் அவர்களும் வேறு பேச்சுக்குச் சென்றுவிடுகின்றனர். பெரும்பாலும் உணவைப் பற்றிய பேச்சு.

அன்னையார்க்கு அடுத்த பரிசோதனை தைத் திங்களில். ஆடியில் அவர் கொல்லையில் அவரை விதைத்தார். அது காய்ப்பதும் தையிலேதான். கொடி இப்பொழுது கைப்பிடிச்சுவரின் உயரம் ஏறியிருக்கின்றது. பந்தலுக்கு இன்னும் நான்கு கழி வேண்டுமாம். இவ்விடுமுறையில் வரும்போது ஆற்றங்கரைக் கடையில் வாங்கி வருமாறு நேற்று விளக்கேற்றிய பின் கூறினார். மூங்கிலாக இருக்கவேண்டும், சவுக்கு ஆகாது என்றும் இருமுறை கூறினார்.